பிள்ளையைக் கேட்டார்கள்

நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கடிதம்கூட அதிகம் எழுதியதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் இருந்த தமிழர் நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் எழுதமாட்டார்.

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்பவள் பிலிப்பைன்ஸ்காரி. என்னை 'ஆத்தே' என்பாள். அவர்கள் மொழியில் அக்கா. நாங்கள் கதைப்பது இருவருக்குமே சரியாக வராத நோர்வேஜிய மொழியில். இங்கே அதை எங்கள் தமிழில்தான் எழுத முடிகிறது.

அவளுக்கு ஒரே மகள். இங்கே பிறந்து பள்ளிக்கூடம் முடித்தவள். அந்தப் பிள்ளையை செஷோனுக்கு அழைத்திருந்தார்கள். ஆண், பெண் வேறுபாடில்லாமல் கூப்பிட்டு, உடம்பைச் சோதித்து, இராணுவ சேவைக்கு ஏற்றவர்களைத் தெரிவு செய்யும் நாள் அது. விருப்பமா என்றும் கேட்பார்கள்.

"உங்கடை நாட்டிலையும் கல்லூரிப் பிள்ளையளுக்கு இப்பிடி ஒண்டு இருக்குதெண்டு சொன்னனி" என்றேன்.

"அது வேறை, ஆத்தே. நான் ஏழைப் பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தனான். தம்பிக்கு மரத் துவக்குக் குடுத்தவை. அவன் அதாலை மாங்காய்தான் அடிச்சவன்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "முந்தியெண்டால் நானே சப்பாத்து வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பன். இப்ப கிட்டவே சண்டை நடக்குது. இவள் வடக்கை, எல்லைக்குப் போகவேணுமெண்டு நிக்கிறாள்."

அவர்களுடைய தேவாலய மண்டபத்தில், ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கும். எப்படி வாக்களிப்பது, சட்டம் என்ன சொல்கிறது, அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்று பெற்றோரே சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்த வகுப்பு நாட்டுச் சேவை பற்றியது. அதில் நான் பேச வேண்டும் என்றாள்.

"நானோ? என்னத்தைச் சொல்ல?"

"சண்டையைப் பற்றி. பயமானதைச் சொல்லுங்கோ. நான் சொன்னால் காதிலை விழுத்தமாட்டாள். நீங்கள் கண்டனீங்கள்."

வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார். "வீட்டுக்குப் போன் வந்தாலே என்ரை கையிலை திணிக்கிற ஆள், மேடையிலை கதைக்கப் போறீரோ?"

"சும்மா இருங்கோ. நீங்கள் கார் ஓடினால் போதும்."

மண்டபத்தில் பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்துத் தங்கள் நாட்டுப் பாட்டைப் பாடினார்கள். பிறகு நோர்வேப் பாட்டு. நாங்கள் இருவரும் இரண்டுக்கும் எழுந்து நின்றோம். இவர் கடைசியில் கோப்பிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். தோழியின் மகள் முன் வரிசையில் இருந்தாள். அடுத்த நாள்தான் அவளுக்கு செஷோன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஷெல் விழுந்ததைச் சொன்னேன். இடம்பெயர்ந்து போன பாதையைச் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, சண்டைக்கு ஆள் சேர்க்க இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்த காலத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

தமிழில் 'பிள்ளையைக் கேட்டார்கள்' என்றால் போதும். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும். பிள்ளையைத் தா என்று படலையில் வந்து நிற்பது அது. எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் அப்படியே சொன்னேன். "எங்கடை வீட்டுக்கும் வந்தவை. என்னைக் கேட்டவை" என்றேன். அந்த மொழியில் அந்தச் சொல்லுக்குக் கேள்வி கேட்பது என்ற ஒரு பொருள்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பிள்ளை கையை உயர்த்தினாள். "அப்ப நீங்கள் என்ன மறுமொழி சொன்னீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை. "ஆருக்கு?"

"உங்களைக் கேட்டவைக்கு. ஓமெண்டோ, இல்லையெண்டோ?"

பின்னாலிருந்து ஒரு பொடியன் மெதுவாகச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை இடித்தான். அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"அப்பிடிக் கேக்கேல்லை" என்றேன். "அம்மாட்டைத்தான் கேட்டவை. அம்மா என்னை ஒளிச்சு வைச்சிட்டு, அந்தக் கிழமையே கலியாணம் கட்டி வைச்சவ. கலியாணம் கட்டின பிள்ளையளை விடுவினம் எண்டு அப்ப ஒரு கதை இருந்தது."

"அம்மா உங்களைக் கேட்டவவோ?"

"இல்லை."

அப்போது என் கண் கோப்பிப் போத்தல் பக்கம் போனது. இவர் கோப்பையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரையும் அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளை தாய்ப் பக்கம் திரும்பினாள். "அம்மா, நாளைக்கு அங்கை என்னைக் கேப்பினம். நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

தாய் தங்கள் மொழியில் சுருக்கமாக ஏதோ சொன்னாள். மகளும் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. வகுப்பை நடத்தியவர் எனக்கு நன்றி சொல்லி, எல்லோரையும் கை தட்டச் சொன்னார்.

மேல்சட்டை கொழுவும் இடத்துக்குத் தோழி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஆத்தே, பயப்படுத்தச் சொல்லியெல்லோ உங்களைக் கூப்பிட்டனான்."

"எனக்கு வேறை மாதிரிச் சொல்லத் தெரியேல்லை."

"எனக்குத்தான் பயம் வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு கண்ணாடிக் கதவு. மகளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அவள் உட்காருவது தெரிந்தது. மகள் நெடுநேரம் கதைத்தாள். தாய் இடையில் பேசவில்லை. இவர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

மறுநாள் தோழி வேலைக்குப் பிந்தி வந்தாள். மகளை செஷோனுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். விருப்பம் என்று சொல்லிவிட்டதாக மத்தியானம் மகளிடமிருந்து செய்தி வந்தது. எடுப்பார்களா என்பது பிறகுதான் தெரியும். அன்று மீன் சூப். நான் கரட் வெட்டினேன், அவள் உருளைக்கிழங்கு உரித்தாள்.