அட்டையின் பின்பக்கம்

ஆவடி ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பைண்டர் மஸ்தான் ஓடி வந்து, "அண்ணாத்தே, சரோஜாக்கா பூட்டாங்க" என்றார். அழுகை வரவில்லை. அவர்மேல் போட்ட திருட்டு மெமோ ரத்தாகாமலேயே போய்விட்டாரே என்று கோபம்தான் வந்தது.

எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பு நூலகத்தில் அவர் நூலகர், நான் உதவியாளன். நாலைந்து சிறு பத்திரிகைகளை ஒன்றாகத் தைத்து, முதல் பத்திரிகையின் பெயரை மட்டும் முதுகில் போடுவோம். உள்ளே இருக்கும் மற்றவற்றின் பெயர்களை, அந்தத் தொகுப்புக்குரிய கேட்லாக் அட்டையின் பின்பக்கத்தில் அக்கா பென்சிலால் எழுதி வைப்பார். "முன்னாடி பேருதான்பா கீது, பின்னாடிதான் சரக்கே கீது" என்பார்.

கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஓர் அதிகாரியும் வந்தார். அட்டைகளின் முன்பக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு, அட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னார். "ஒரு தபா திருப்பிப் பாருங்க சார்" என்று அக்கா மன்றாடினார். அந்த மனிதர் காதிலேயே வாங்கவில்லை. பேப்பர் வண்டி வருவதற்குள் அட்டைகளை இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி, பட்டாபிராமில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார் அக்கா. ஒரு சாக்கைத் தூக்கியவன் நான். 'அலுவலகச் சொத்தைத் திருடினார்' என்று அதிகாரி எழுதிய மெமோ வந்தது அவருக்கு மட்டும். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைய கோபத்தில் பாதி என்மேல்தான்.

இரண்டு வருடத்தில் கம்ப்யூட்டர் படுத்தது. நகலெடுத்த பிளாப்பிகளிலும் பூஞ்சை. அதிகாரி அக்காவின் வாசலில் வந்து நின்றார். "குடுக்காதீங்கக்கா, அலையட்டும்" என்றேன்.

"புக்கு இன்னாப்பா பாவம் பண்ணுச்சு? எட்த்துக்கினு போட்டும்" என்று இரண்டு சாக்கையும் கொடுத்துவிட்டார். மெமோவை ரத்து செய்வதாக அதிகாரி சத்தியம் செய்தார். ஆறு கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி! திருடி என்ற பெயரோடுதான் அக்கா ஓய்வு பெற்றார்.

வரும் ஞாயிறு நூலகத்தில் அக்காவின் படத்தைத் திறந்து வைப்பதும் அதே மனிதர்தானாம். வரட்டும். அவரை மன்னிக்கும் மனம் அக்காவுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அக்காவின் மகள் கொடுத்த மெமோ என் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது இந்த ஒரு தாள்தான். நீங்கள் எல்லோரும் வாருங்கள். மைக்கில் அதை அந்த அதிகாரி முன்னாலேயே படிப்பேன். இன்னொரு சாக்கைத் தூக்கியது நான் என்றும் சொல்வேன். பிறகு தாளைத் திருப்புவேன். பின்பக்கத்தில் அக்கா பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறார்:

"திருப்பிப் பார்க்காத ஆள் எழுதியது."