திரும்பிப் பார்க்காமல் போன வேன்

பாப்பம்மா அக்காவை யாராவது ‘மோதிவிட்டு ஓடினவள்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊரான பீடோங்கில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. ஊரார் வழக்கையெல்லாம் தட்டச்சு செய்கிறவள், பக்கத்து வீட்டு அக்காவுக்காக நாலு பக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அக்கா பிறந்தது சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினைந்து வயதிலேயே மரம் சீவப் போய்விட்டார். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது பீடோங்குக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். கணவர் இறந்த பிறகு ஷிப்டு வேலையையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் வேன் ஓட்டப் பழகுகிறேன் என்று கிளம்பினார். சொந்தக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் ரோஷக்காரர். லைசென்ஸ் வாங்கிய அன்று சிரித்தவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போவது அவர்தான். என் மகள் ரூபினியும் அந்த வேனில்தான் போகிறாள். அக்காவின் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிளில் போகும் கிழவர்கள் அவரை முந்திக்கொண்டு போய்க் கையாட்டுவார்கள். “என்னக்கா, வேனை ஓட்டுறீங்களா, தாலாட்டுறீங்களா?” என்று நான் கேட்பதுண்டு. “புள்ளைங்க இருக்குதுங்க லா. நீ வேணா பறந்து போ” என்பார்.

பழைய வேன் ஓடி ஓடி ஓய்ந்துவிட, சென்ற ஆண்டு ஒரு வெள்ளை வேன் வாங்கினார். வேறொருவர் ஓட்டிய வண்டிதான், ஆனாலும் அவருக்குப் புதுசு. புது வண்டி வந்தால் நம் ஆட்கள் பூசை போடாமல் சாவியைத் திருப்ப மாட்டார்கள். மெர்போக் போகும் சாலையோரம் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. சனிக்கிழமை காலை அங்கேதான் பூசை. நான் போகவில்லை. நடந்ததை அக்காவும் அவருடைய தம்பி காளிதாசனும் சொல்லித்தான் தெரியும்.

பூசாரி சுப்பிரமணியம் வேனின் முகம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பினார். முன்னால் ஒரு ரோஜா மாலை, பின்னால் ஒரு ரோஜா மாலை. திருஷ்டி கழித்து, பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“ஏறி உக்காரும்மா. பழத்த நசுக்கிட்டு நேரா வீட்டுக்குப் போ. வழியில எங்கயும் நிக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா, கழிச்சதெல்லாம் மறுபடி வண்டியில ஏறிக்கும்.”

சுற்றி நின்றவர்களுக்கும் ஓர் உத்தரவு போட்டார். “நீங்களும் பாக்காம உள்ள வாங்க.” எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு கோயிலுக்குள் போகத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

அக்கா பூசாரி சொல்லைத் தட்டாதவர். அதுதான் வினையாகிவிட்டது. பக்கக் கண்ணாடியில் பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதுதானே என்று நினைத்து அதையும் பார்க்கவில்லையாம்! பழங்கள் நச் நச்சென்று நசுங்கின. கோயில் வாசலில் இடது பக்கம் திரும்பும்போது பின்னால் ‘தடக்’ என்று ஒரு சத்தம். பூசணித் துண்டு என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோன் போட்டிருந்ததால் வேறெதுவும் காதில் விழவில்லை. அப்படியே வீடு வந்து சேர்ந்தார்.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றதும் பார்க்கப் போனேன். இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே தகரம் ஒடுங்கியிருந்தது. நீளமாகப் பச்சைச் சாயம் உரசி ஒட்டியிருந்தது. வாங்கும்போதே இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கைப்பேசியில் எங்கள் தாமான் குடியிருப்புக் குழுவின் செய்தி வந்தது.

கூடவே ஒரு வீடியோ. எதிரே வந்த யாரோ ஒரு மலாய்க்காரர் காரில் வைத்திருந்த கேமராவில் பதிந்தது. கோயில் வாசலில் ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒருவர் குனிந்து எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளை வேன் திரும்புகிறது. அதன் பின்பகுதி இடித்து, மோட்டார் அவர் மேலேயே சாய்கிறது. ரொட்டியெல்லாம் சாலையில் சிதறுகிறது. வேன் போய்விடுகிறது. கீழே எழுதியிருந்தார்கள்: ‘வேண்டுமென்றே நம்பர் பிளேட்டை மறைத்திருக்கிறார்கள். முன்னால் ரத்தக் கறை. இன்னும் யாரை அடித்துவிட்டு வந்ததோ!’

மறைத்தது ரோஜா மாலை. ரத்தம் என்றது குங்குமம். கீழே கிடந்தவர் நூர்தீன் பாய். சுற்றியிருக்கும் தோட்டம் எல்லாவற்றுக்கும் பச்சைப் பெட்டி கட்டிய மோட்டாரில் ரொட்டி கொண்டுபோகிறவர். அக்காவின் வேனில் வரும் பிள்ளைகளுக்குத் தினமும் பள்ளி வாசலில் இனிப்பு ரொட்டி விற்கிறவரும் அவர்தான்.

அக்கா வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தார். சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “பாய் உயிரோட இருக்காரா? அத மொதல்ல கேளு காஞ்சனா!”

குழுவில் கேட்டேன். கேமராக்காரரே அவரைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறார், காலில்தான் அடி என்று பதில் வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு அப்போதும் வரவில்லை.

அதற்குள் காளிதாசன் கோயிலிலிருந்து வந்து சேர்ந்தான். பக்கத்து ஊர் குருணில் வண்டிக்குச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவனும் வீடியோவைப் பார்த்துவிட்டிருந்தான். “அக்கா, பேசாம இரு. நம்பர் தெரியல. வேன என் கடைக்குக் கொண்டு போறேன். சாயங்காலத்துக்குள்ள தட்டி எடுத்து நீலக் கலர் அடிச்சிடறேன் லா. ஊருல வெள்ள வேனா இல்ல?”

எனக்கு வந்ததே கோபம்! “ஒன்னோட மூளைக்கு மொதல்ல சாயம் அடிடா. அக்காவ ஜெயில்ல போட நீயே வழி காட்றியா?”

“லைசென்ஸ் போயிடுச்சுன்னா அக்கா சோத்துக்கு என்ன பண்ணும்? நீ போடுவியா?” என்று அவனும் எகிறினான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவனுக்கு வருகிற யோசனையெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

அக்காவுக்குப் புரியும்படி சொன்னேன். சட்டம் இந்த விஷயத்தில் நேரானது. மோதினால் நிற்க வேண்டும். பெயரையும் விவரத்தையும் கொடுக்க வேண்டும். அடிபட்டவருக்கு உதவ வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீசில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். மோதியது யார் தப்பு என்பது வேறு கேள்வி. நிற்காமலும் சொல்லாமலும் போனால் அது தனிக் குற்றம். சம்மன் என்கிற அபராதச் சீட்டோடு முடிய வேண்டியது அதனாலேயே கோர்ட்டு, அபராதம், சிறை, லைசென்ஸ் என்று வளர்ந்துகொண்டே போகும். எங்கள் ஆபீஸ் நாற்காலியில் வந்து தலையில் கை வைக்கிறவர்களில் பலர் மோதியதற்காக வந்தவர்கள் இல்லை, ஓடியதற்காக வந்தவர்கள்.

“தெரியாம வந்துட்டீங்க. சரி. இப்பத் தெரிஞ்சிருச்சு. இனிமே வீட்டுல ஒக்காந்திருந்தா அதுக்குப் பேரு ஓடுறதுதான்கா.”

“நம்புவாங்களா, காஞ்சனா? சாமி பாக்கக் கூடாதுன்னு சொல்லிச்சுன்னா ஸ்டேஷன்ல இருக்கிற மாத்தா நம்புவானா?”

எனக்கும் தெரியவில்லை. நம்பாமல் போனால் அந்த வேன் வாசலிலேயே துருப்பிடிக்க வேண்டியதுதான். ஆனால் பொய் சொல்லத் தைரியம் வராது என்று அக்கா எழுந்து சேலையை உதறினார். காளிதாசன் குங்குமத்தையாவது கழுவிவிடலாம் என்று வாளியைத் தூக்கினான். தொடாதே என்று கத்தினேன். மாலை, குங்குமம், ஒடுங்கிய தகரம் எல்லாவற்றோடும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வேன் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பியது.

உள்ளே சார்ஜன் ஒருவர் இருந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர். அவரும் வீடியோவைப் பார்த்திருந்தார். வெளியே நின்ற வேனைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது.

“ஆண்ட்டி, கெனாப்பா லாரி?” ஏன் ஓடினாய் என்று கேட்டார்.

“சாயா தாக் லாரி, துவான்.” நான் ஓடவில்லை ஐயா என்று அக்கா சொன்னார். அதற்குமேல் மலாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நான் சொன்னேன். சார்ஜன் வெளியே போய் வேனைச் சுற்றி வந்தார். அந்த ‘ரத்தத்தை’ விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பின் சக்கரத்தில் எலுமிச்சைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதையும் பார்த்தார்.

உள்ளே வந்து வீடியோவை மறுபடி போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். அப்புறம் திரையைத் தட்டிக் காட்டினார். இடித்த பிறகும் வேனின் வேகம் கூடவில்லை. அதே நத்தை வேகம். ஒரு சைக்கிள் அதை முந்திக்கொண்டு போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடது பக்கச் சிக்னல் வீடியோ முடிகிற வரைக்கும் மின்னிக்கொண்டே இருக்கிறது.

“ஓடுகிறவன் சிக்னல் போட்டுக்கொண்டா ஓடுவான்?” என்று மலாயில் சொன்னார். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அடக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் வண்டி எடுத்தது தப்புதான், அதற்குச் சம்மன் உண்டு, மற்றதை விசாரணை அதிகாரிதான் முடிவு செய்வார் என்றார்.

ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது நூர்தீன் பாய் வந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு. மகள் மும்தாஜ் தோள் கொடுத்துப் பிடித்திருந்தாள். அவரும் ரிப்போர்ட் செய்யத்தான் வந்திருந்தார். வாசலில் நின்ற வேனைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார். அக்காவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“நீங்களாம்மா?”

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். “தெரியாது பாய். சத்தியமா தெரியாது. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க.”

பாய் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “கால் வலி பெருசில்லம்மா. நான் கீழ கெடந்து கூப்பிட்டேன். கோயிலு ஆளுங்க எல்லாரும் நம்மகிட்ட ரொட்டி வாங்குற சனங்கதான். ஒருத்தரு கூட திரும்பல. அத்தனை பேரும் முதுகக் காட்டிட்டு உள்ள போறாங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நெனச்சேன். அதான் தாங்கல.”

அந்த வழக்கத்தைக் கீழே கிடக்கிற ஆளின் கண்ணால் நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து அவருடைய மாவுக்கட்டைத் தொட்டபடி விசும்பினார்.

பாய் சார்ஜன் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: “துவான், எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மோட்டார் விழுந்தது, கால் உடைந்தது. ஓடிவிட்டார்கள் என்று எழுதாதீர்கள். ஓடியவர் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருப்பாரா?”

மும்தாஜுக்குக் கோபம் ஆறவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அன்று மாலையே கோயில்காரர்கள் மன்னிப்புக் கேட்க பாய் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். பூசாரி சுப்பிரமணியம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். அவரும் கீழே குனிந்து பார்க்கிற நாள் வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். பாய் கால் ஊன்றும்வரை வேனிலேயே அவர் சுற்றும் தோட்டங்களுக்கு ரொட்டி கொண்டுபோகிறேன் என்று அக்கா ஒரே பிடிவாதம். பள்ளி வேனில் வியாபாரம் செய்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது என்று நான் மிரட்டியதும் அந்த வேலையைக் காளிதாசன் தலையில் கட்டினார். சாயம் அடிக்கிறவன் காலையில் ரொட்டி விற்றான். கணக்கில் கொஞ்சம் மக்கு, ஆனால் ஒழுங்காக விற்றான்.

ஆனாலும் விசாரணை முடிகிறவரை அக்கா அரை ஆளாகிவிட்டார். தினமும் மாலை என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். “ஒன்னும் சொல்லலயா, காஞ்சனா?” போலீஸ் என்னிடம் ஏன் சொல்லப்போகிறது? ஆனாலும் இல்லைக்கா என்பேன். எனக்கும் பயம்தான், ஆனாலும் நல்லதாகவே முடியும் என்று சேர்த்துச் சொல்வேன்.

கடைசியில் ஒரு நாள் காலை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது கைப்பேசி அடித்திருக்கிறது. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, வேனைப் புல்தரையில் முழுக்க ஒதுக்கி நிறுத்திவிட்டுத்தான் எடுத்திருக்கிறார். பேசியது விசாரணை அதிகாரி. கவனமில்லாமல் ஓட்டியதற்குச் சம்மன் வரும், கட்டிவிட்டால் போதும், நிற்காமல் போனதாக வழக்கு இல்லை, லைசென்சுக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு நடந்ததை ரூபினிதான் சொன்னாள். வேன் ஆண்ட்டி ஸ்டேரிங் மேலே தலையைச் சாய்த்துவிட்டார். ஹாரன் பாட்டுக்கு அலறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பயந்து போனார்கள். ஆண்ட்டி தலையைத் தூக்கித் திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“நான் ஓடலையாம்டா! போலீசே சொல்லிட்டாங்க, நான் ஓடலையாம்!”

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் கைதட்டினார்கள்.