சுழலாத குமிழ்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் துணி வைக்க இடமில்லை. அலமாரி முழுக்கப் பழைய ஃபிலிம் கேமராக்கள், மொத்தம் இருபத்து மூன்று. தோல் உறை, ஃபில்டர், பிளாஷ், வெளிச்சம் அளக்கும் மீட்டர் என்று அவற்றின் பரிவாரம் வேறு. “ஊர்ல ஒரு சக்களத்தி வந்தாலே தாங்காது, எனக்கு இருபத்து மூணு” என்பாள் மனைவி. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்குத் தாடையில் கட்டி வந்தது. பாதித் தாடையை எடுத்தாக வேண்டும், முகம் பழையபடி இருக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று காலையில், அவளாகவே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்த மூஞ்சிய ஒரு ரோல் எடுத்து வைங்க.”

மனுஷன் இருந்ததில் நல்ல கேமராவாகப் பார்த்து அவசரமாக ஃபிலிம் போட்டார். மகள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். “அப்பா, நானும் நாலு எடுத்துக்கறேன்.”

“போன்ல எடுக்கறதெல்லாம் ஒரு படமா? வெளிச்சத்த மறைக்காம தள்ளிப் போ.”

முப்பத்தாறு தடவை அமுக்கினார். முப்பத்தாறு தடவையும் அவள் சிரித்தாள்.

அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கேமராவை எடுத்தார். லீவரைத் தள்ளினால் முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பது என்று தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. முப்பத்தாறு படத்து ரோல் அதோடு நின்றிருக்க வேண்டும். ஃபிலிம் ஒழுங்காக மாட்டியிருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் இடப்பக்கக் குமிழ் கூடவே சுழல வேண்டும். “குமிழப் பாருய்யா” என்று கண்டவனுக்கெல்லாம் பாடம் எடுத்தவர், அன்றைக்குக் குமிழைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். திறந்தால், ஃபிலிமின் நுனி கேமராவின் பல்சக்கரத்தில் பிடிபடாமல் சும்மா கிடந்தது. ஒரு படம்கூட விழவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் அக்கிரமம். எடுத்து முடித்த ரோல் போலத் தெரியட்டும் என்று நுனியை உள்ளே சுருட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் பொருள் அந்த ரோல்தான். “இப்பக் கழுவ வேணாங்க. பழைய மூஞ்சியப் பாக்கத் தெம்பு இல்ல” என்று குழறிச் சொல்லி, தன் கம்மல் டப்பாவில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. சொல்லிவிடலாம் என்று தினமும் வாயெடுப்பார், அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவார்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கண்ணாடித் துணியை அவளே உருவிப் போட்டாள். ரோலைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“தெம்பு வந்திருச்சு. கழுவிட்டு வாங்க, பாக்கலாம்.”

இனி எங்கே விழுங்குவது? எல்லாவற்றையும் சொன்னார், நுனியைச் சுருட்டியது வரை. அவள் ரோலைத் திரும்ப வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

“அன்னிக்கு வாயத் தொறக்க முடியாத வலி. நீங்க எடுக்கறீங்களேன்னுதான் சிரிச்சேன்” என்றாள். பிறகு கேட்டாள்: “அந்தப் புள்ளையயாவது நாலு எடுக்க விட்டிருக்கலாம்ல?”