கேபிள் இல்லாத வருடம்

கேபிள் ஒயரைப் பிடுங்கியதும் டிவியிலிருந்து கிளம்பிய 'சர்ர்' என்ற இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்காவுக்குப் பத்தாவது, 'பப்ளிக் எக்ஸாம்'. அப்படிப் படிக்கிற பிள்ளை இருந்தால் கேபிளை நிறுத்துவது எங்கள் இரும்புலியூர் காலனியில் காது குத்துவதைப் போலத் தவறாத சடங்கு. அப்பா அதோடு விடவில்லை; படிப்பில் கவனம் சிதறினால் வெளியூர் ஹாஸ்டல்தான் என்றும் சொல்லிவைத்தார். அக்கா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பாதியில் நின்ற சீரியலை அக்காவே தொடர்ந்தாள். சாயங்காலம் அப்பாவின் 'எலக்ட்ரிக் ட்ரெயின்' வருவதற்குள், சமையலறையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டு கேட்க, நான் வாசல்மேல் ஒரு கண்ணை வைத்தபடி கேட்க, செத்துப்போன மாமியாரைக்கூட அவள் பிழைக்க வைத்தாள். அம்மா அந்தக் கதையில் அப்படியே மூழ்கிப்போய், அதை டிவியில் வந்தது போலவே பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு நாள் சொல்லிவிட்டாள். குழம்பிப்போன ஆன்ட்டி தெருவில் அப்பாவைப் பார்த்து, "உங்க வீட்ல கேபிள் இன்னும் கீதுங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் அப்பா சீக்கிரமே வந்து, சத்தமில்லாமல் டிவிக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். ஒயர் இல்லை. சமையலறையிலோ அக்கா, அப்பாவைப் போலவே கனைத்துக் கனைத்து வில்லனைப் பேசவைத்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் அவரைக் கண்டதும் நான் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை.

"நல்லாத்தான் கதை சொல்ற. எக்ஸாம்ல இதையா கேட்கப் போறான்?"

அன்றோடு கதை நின்றது. மார்க் நன்றாகவே வந்தது. ஆனாலும் ஜூன் மாதம் அப்பா அக்காவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார். அவள் நல்லதுக்குத்தான் என்று அவர் நம்பினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லீவில் வந்தவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இப்போது அக்கா மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். மொட்டைமாடிகளைத் தாண்டித் தொங்கிய கேபிள் ஒயர்கள் பெரும்பாலும் போய்விட்டன. போன வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, தன் பெண்ணுக்குப் பத்தாவது என்று வைஃபையை நிறுத்தியிருந்தாள். பிள்ளை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"அவளுக்கு ஒரு கதையாவது சொல்லேன்க்கா," என்றேன்.

"எனக்கு எங்கடி கதையெல்லாம் வரும்?" என்றாள் அக்கா.

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாள்.