ஜெர்மனி குருக்கள் மேல் ஒரு பிராது

எங்கள் தெருமுனை பேக்கரியில் ரொட்டி விற்கும் அம்மாள் என் மகனின் தலையை மட்டும் பார்க்கவே மாட்டார். அவன் கன்னத்தைப் பார்ப்பார், காலுறையைப் புகழ்வார், அதற்கு மேல் கண் ஏறாது. மாதக்கணக்கில் அவன் தலையில் ஒரு வெள்ளை ஹெல்மெட் இருந்தது. ஜெர்மனியில் அடுத்த வீட்டுத் தலையைப் பற்றிக் கேட்பது அநாகரிகம். டிராமில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் துணிந்து, "இப்போதே சைக்கிள் ஓட்டுகிறானா?" என்று கேட்டார். அதே ஹெல்மெட்டோடு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பூக்காரம்மா பிடித்துக்கொண்டார். "யம்மாடி! கைப்புள்ளைக்குக் கூடவா ஹெல்மெட்டு? போலீஸு அவ்ளோ கெடுபிடியா இருக்குதா அங்க?" நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது எனக்குப் பதிலாக நான்கு பேர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மகன் இனியன் பிறந்தபோதே அவன் தலை முன்னும் பின்னுமாக நீண்டிருந்தது. வீடியோவில் பார்த்த என் மாமனார் கம்மாபுரத்திலிருந்து உடனே வைத்தியம் சொன்னார். "எண்ணெ வச்சி நல்லா உருட்டி வுடும்மா. குமரனுக்கும் தேங்கா மாரிதான் இருந்துது. உருட்டி உருட்டிதான் சரி பண்ணோம்." நான் என் கணவர் குமரனின் தலையைத் திரும்பிப் பார்த்தேன். முழுதாகச் சரியானதாகத் தெரியவில்லை.

உருட்டிச் சரியாகும் தலையில்லை என்று டாக்டர் சொன்னார். குழந்தையின் மண்டையோடு ஒரே ஓடு அல்ல, பல துண்டுகள். மூளை வளர இடம் விட்டு, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இவனுக்கு உச்சியில் உள்ள இடைவெளி முன்கூட்டியே மூடிக்கொண்டதால், தலை அகலப் போக முடியாமல் நீளப் போகிறது. நான் விருத்தாசலத்துக்காரி. செராமிக் டிப்ளமா படித்து, இங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இடைவெளி விடாமல் ஒட்டிய டைல்ஸ், விரிய இடமில்லாமல் புடைத்துக் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். புரிந்ததுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று.

மூன்று மாதத்திலேயே செய்துவிட்டால் சின்ன ஆபரேஷன். இரண்டே சிறிய வெட்டு, கேமரா வைத்த ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, ஒட்டிய எலும்பைப் பட்டையாக எடுத்துவிடுவார்கள். பிறகு தலை ஒழுங்காக வளர ஹெல்மெட். தள்ளிப்போட்டால் காதுக்குக் காது திறக்கும் பெரிய ஆபரேஷன். இதைக் குமரன் தன் அப்பாவுக்கு விளக்கினார். "மண்டையில ஒரு மூட்டு ஒட்டிக்கிச்சிப்பா." "மூட்டு முட்டியிலதான்டா இருக்கும்!" என்றார் மாமனார். மூட்டைவிடப் பெரிய சிக்கல் முடியில் இருந்தது. பேரனின் முதல் முடியை விருத்தாசலம் பக்கத்து முருகனுக்கு நேர்ந்திருந்தார். அதற்கு முன் தலையில் கத்தி படக் கூடாது. "மொதல்ல இங்க வந்து மொட்டை போடுங்க. அப்பறம் எத வேணா பண்ணுங்க." பாஸ்போர்ட்டே வராத குழந்தையை எங்கே கொண்டுபோவது? முடியாது என்றோம். போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தேன்.

"டாக்டரு பேரு என்னாம்மா?"

"க்ரூகர், மாமா."

"குருக்களா?"

"க்ரூகர்."

"அதான், குருக்களு. விலாசம் சொல்லு, எழுதிக்கிறேன்."

மனம் மாறி, டாக்டர் பெயரில் அர்ச்சனை செய்யப் போகிறார் என்று மகிழ்ந்து, ஆஸ்பத்திரி விலாசத்தைக் கதவு எண்ணோடு சொன்னேன். நட்சத்திரம் கேட்கவில்லையே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கம் முருகனிடம் பிராது கொடுக்கும் வழக்கம் உண்டு. அநியாயம் செய்தவன் பெயரையும் ஊரையும் எழுதி வேலில் கட்டினால், மூன்று மாதத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லும். உனக்குச் சேர வேண்டிய முடியை ஜெர்மனியில் ஒருத்தர் எடுக்கப் போகிறார், கேள் என்று மாமனார் கட்டிவிட்டார். கட்டியதை எங்களிடம் ஒளிக்கவுமில்லை. "சாமி பாத்துக்கும்" என்றார்.

ஆபரேஷன் அன்று நான் பயந்ததைப் போல என்றும் பயந்ததில்லை. சாமி மேல் பயமா, கத்தி மேல் பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இவ்வளவு சின்னத் தலைக்கு இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். நல்லபடியாக முடிந்தது. க்ரூகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து, எல்லாம் சரி என்றபோது, அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டேன்.

அடுத்த பரிசோதனையின்போது அந்த நல்ல மனிதரிடம் மறைக்க மனம் வரவில்லை. முறையீட்டுக்கு ஜெர்மன் மொழியில் 'பெஷ்வேர்ட' என்று சொல் இருக்கிறது. உடம்பின் உபாதைக்கும் அதே சொல்தான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. "உங்களால் என் மாமனாருக்கு பெஷ்வேர்ட" என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

"எங்கே?"

"கோயிலில்."

"எப்போதிலிருந்து?"

"ஆபரேஷனுக்கு முன்பிருந்தே."

"நடக்கும்போது அதிகமாகிறதா?"

குமரன் குறுக்கே விழுந்து விளக்கியதும், க்ரூகர் நாற்காலியில் சாய்ந்து, கடவுளிடம் தனக்கு வக்கீல் வைக்க முடியுமா என்று கேட்டார்.

ஊருக்குப் போனது அப்புறம்தான். ஹெல்மெட்டை நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கழற்றலாம். அந்த ஒரு மணிக்குள் மொட்டை, குளியல், பூஜை எல்லாம் முடிய வேண்டும் என்று கோயிலில் நான் பறந்தேன். கோயில் குருக்கள் என்னைப் பார்த்ததும் கேட்டார். "ஜெர்மனி குருக்கள்னு எழுதியிருந்ததும்மா. எங்காளுதான் யாரோ வெளிநாட்டுக் கோயிலுக்குப் போயி தப்பு பண்ணிட்டாருன்னு ஊரெல்லாம் விசாரிச்சேன். யாருங்க அவரு?"

முடி விழ விழ, தலை அழகாக உருண்டையாக வெளியே வந்தது. உச்சியில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டு மெல்லிய கோடுகள். மாமனார் விரலால் தடவிப் பார்த்தார். "இவ்ளோதானா? நான் மண்டையப் பொளந்துட்டாங்கன்னு இல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினார். குருக்களோடு வேல் பக்கம் போய்ச் சற்று நேரம் கழித்து வந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"வாபஸ் வாங்கிட்டீங்களா மாமா?"

"வாங்கிட்டேன்ம்மா. டாக்டரு மேல தப்பில்லன்னு சொல்லிட்டேன். புதுசா ஒண்ணு குடுத்திருக்கேன்."

"யாரு மேல?"

"உங்க ரெண்டு பேரு மேலயும்தான்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "முடி சாமிக்குன்னு குடுத்தாச்சி. புள்ள யாருக்கு, ஜெர்மனிக்கா எங்களுக்கா? அத எழுதிக் கேட்டிருக்கேன்" என்றபடி பேரனைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

இனியனுக்கு ஹெல்மெட் கழற்றியாயிற்று. பேக்கரி அம்மாள் இப்போது அவன் தலையை ஆசையாகப் பார்க்கிறார். கடைசிப் பரிசோதனையில் க்ரூகர், மாமனாரின் பெஷ்வேர்ட எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த இடத்தில் சரியாகிவிட்டது, வேறு இடத்தில் வந்திருக்கிறது என்றேன்.

மூன்று மாதம் எப்போதோ கடந்துவிட்டது, தீர்ப்பு வரவில்லை. போன வாரம் விசா நீட்டிக்க அலுவலகம் போனோம். 'உங்கள் மீது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. மடியில் இனியன் பேனாவைப் பிடுங்கப் பார்த்தான். 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போன என் கை, விருத்தாசலம் வரை போய்விட்டுத்தான் திரும்பி வந்தது.