உறுப்பினர் நான்கு

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த அன்றே வீட்டில் அவளுக்கு "டாக்டரம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டம் வர ஆறு வருடம் ஆனது, பெயர் மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. அக்கா வீட்டு மாடியறையில் தங்கி, அக்கா கையால் சாப்பிட்டு, அக்கா மடித்து வைத்த துணியை உடுத்திக்கொண்டு அவள் ஆராய்ந்தது, குடும்பத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை. தொடர்பியல் என்றால் என்ன என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அரைமணி நேரம் விளக்குவாள். கேட்டவர் அடுத்த முறை அவளைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார்.

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, சாப்பாட்டு மேசையில் பதில் வராமல் போகும் கேள்விகள். அதற்குப் பன்னிரண்டு வீடுகளில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பதினோரு வீடு கிடைத்தது. பன்னிரண்டாவதற்கு அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அடுப்படியில் அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, நம்ம வீட்டையே பதிஞ்சுக்கட்டுமா?"

"நாங்க பேசறதுல அப்படி என்னடி இருக்கு? உனக்கு உதவினா சரி." அக்கா ஈரக் கையோடு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மை பரவி, பேரே தெரியாமல் போனது.

சொந்த வீடு என்பது பற்றி டாக்டரம்மா தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூச்சு விடவில்லை. பெயரை எடுத்துவிட்டு எண் போடுவதுதானே முறை, யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா உறுப்பினர் ஒன்று, மாமா இரண்டு, அவர்கள் மகள் மூன்று. தன்னை நான்கு என்று போட்டுக்கொண்டாள். அப்போது கை கூசவில்லை. கூசியிருக்க வேண்டும்.

பதிவு செய்வது சுலபம். போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டால் போதும். எழுத்தில் இறக்குவதுதான் உயிரை வாங்கும் வேலை. ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் பிடிக்கும். பேச்சு நின்றால் அந்த மௌனத்தையும் அளந்து, இத்தனை நொடி என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மற்ற வீடுகளை முடித்துவிட்டு அக்கா வீட்டுப் பதிவை அவள் கையில் எடுத்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது. நூலகத்தின் மூலை மேசையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்பதாம் நாள் பதிவைப் போட்டாள். டிவியில் செய்தி அலறிக்கொண்டிருந்தது. தட்டில் கரண்டி படும் சத்தம். பிறகு, போன் இருந்த பக்கமாக வந்து நின்று, தணிந்த குரலில் அக்கா பேசினாள்.

"ஏய், நாளைக்குக் காலைல இந்தக் கட்டிய ஸ்கேன் பண்ண வரச் சொல்லியிருக்காங்க. மாமாகிட்ட இன்னும் சொல்லல. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. நீ வர்றியா?"

நாலரை நொடி. அந்த நாலரை நொடி முழுக்க டக் டக் என்று லேப்டாப் தட்டும் சத்தம் மட்டும். தட்டியது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பிறகு அக்கா குரலை உயர்த்தி, "சரி, யாருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டும்?" என்றாள். அதற்கு மட்டும் மூன்று பேரும் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள்.

டாக்டரம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அன்றே ஓடிப்போய் "என்னாச்சுக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டால், எட்டு மாதமாகக் கேட்கவில்லை என்பதும் அம்பலமாகிவிடுமே. அக்கா எப்போதும்போல நடமாடுகிறாள், சிரிக்கிறாள், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டவள், அந்த நாலரை நொடியைப் பற்றி நாலு பக்கம் எழுதுவதை மட்டும் தள்ளிப்போடவில்லை. வெட்கங்கெட்ட கை, நன்றாக வேறு எழுதித் தொலைத்தது. பேராசிரியர் ஓரத்தில் "ஆய்வின் உயிர் இதுதான்" என்று குறித்திருந்தார். அதற்குப் பிறகு அதை எடுப்பது எப்படி?

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். வர வேண்டாம் என்று ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "ஆறு வருஷம் சோறு போட்டவளுக்கு ஒரு நாற்காலி கூடவா இல்ல?" என்று சிரித்துவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு அக்கா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். புரொஜெக்டர் கெட்டுப்போகக் கூடாதா என்று டாக்டரம்மா வேண்டிக்கொண்டாள். அது ஜம்மென்று வேலை செய்தது. அக்காவின் வார்த்தைகள் கொட்டை எழுத்தில் திரையில் நின்றன. உறுப்பினர் ஒன்று கேட்கிறார், உறுப்பினர் நான்கு பதில் சொல்லவில்லை. அவள் முதல் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"வந்திருக்கிறவங்க யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் தேர்வாளர்.

அக்கா கையைத் தூக்கினாள். "அந்த நாலாவது ஆளு, அப்புறமாவது அவங்ககிட்ட என்னாச்சுன்னு கேட்டாங்களா?"

குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். பதிவில் அது இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அது பொய்யும் ஆகாது. பாழாய்ப்போன பழக்கம், மனம் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு. எட்டு.

"இல்ல," என்றாள். "கேக்கல."

"நல்ல கேள்வி," என்று தலையாட்டிவிட்டுத் தேர்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் அவளுக்குப் பட்டம் தரப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது அக்காதான். அந்தச் சத்தத்தில் நிற்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மூன்று நிறுத்தம் தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?"

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அப்பாடா."

"வெளிய வந்து, வாசல் பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்டி. நல்ல சேதிதான். யார்கிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."