புறங்கையைக் கிள்ளிப் பார்த்தவர்

அன்று ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்து ஹாலில் இருந்தது நாலே பேர்: தினமும் ரயிலில் பெங்களூரு போய் வரும் நான், என் மனைவி, பூதிகோட்டை விவசாயி ஒருவர், ரத்தம் எடுக்க வந்தவர். டவுன்காரர்களுக்குச் சீக்கிரம் வயதாகிறதா, கிராமத்துக்காரர்களுக்கா என்று பார்க்கிறார்களாம்.

வந்தவருக்குத் தலை முழுக்க நரை. ஊசி குத்தும் முன் புறங்கைத் தோலை மெல்லக் கிள்ளி விட்டுப் பார்ப்பார். விவசாயிக்கு உடனே படிந்தது. எனக்கு மடிப்பு அப்படியே நின்றது. இருவருக்கும் ஐம்பத்திரண்டுதான்.

"இன்னா சார் இது?" என்றேன்.

"இரும்பு துருப் பிடிக்குதில்ல, அந்த மாதிரிண்ணா. பொகை, தூக்கமில்லாதது எல்லாம் உள்ள துரு ஏத்தும். ரிப்போர்ட்ல தெரியும்."

"நரைச்ச தலைய வச்சிக்கினு இவர அண்ணான்றீங்களே!" என்று மனைவி சிரித்தாள்.

"எனக்கு முப்பத்தெட்டுதாம்மா. நானும் தினம் அதே ரயிலுதான்."

"உங்க ரிப்போர்ட்ல இன்னா வந்துச்சி?" என்று கேட்டேன்.

அவர் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "நான் இன்னும் ரத்தம் குடுக்கல."

அன்றிலிருந்து ரயிலில் என் புறங்கையைக் கிள்ளிக்கொண்டே போகிறேன். பரிசோதனை இலவசம், ரிப்போர்ட் கைக்கு வேண்டுமென்றால் முந்நூறு. பாதியை அன்றே கொடுத்தேன். ரிப்போர்ட் வந்து ஒரு மாதமாகிறது. மீதியைக் கட்டி வாங்கிப் போகச் சொல்லிப் போன் வருகிறது, நான் எடுப்பதில்லை. பாக்கி நூற்றைம்பது ரூபாய்.